மோல்மேனுக்கு அப்பச்சியை அழைத்துச் செல்லலாமா?

வாசகர் கேள்வி: என் அப்பச்சிக்கு 79 வயது. பிறந்தது பர்மாவில் (இன்றைய மியான்மர்), மோல்மேனில். 1964இல் கடையும் நிலமும் அரசுடைமையானபின் குடும்பத்தோடு கப்பலில் ஊர் திரும்பியவர். பிறந்த ஊரையும், ரங்கூன் தண்டாயுதபாணி கோயிலில் ஒரு தைப்பூசத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறோம். எங்கள் பயண முகவர், திருச்சியிலிருந்து பாங்காக், மே சாட், எல்லையைக் கடந்து மியாவடி, மோல்மேன், ரங்கூன் என எட்டு நாள் திட்டம் கொடுத்திருக்கிறார். கோயில் விடுதியிலும் தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் வீட்டிலும் தங்கிக்கொள்ளலாமாம். "இந்திய அரசு தடை ஏதும் போடவில்லை, அவசரநிலையும் முடிந்துவிட்டது, விசாவும் தருகிறார்கள்" என்கிறார். உடன் வருவதாக இருக்கும் என் தம்பி அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். "எங்கள் அரசாங்கம் போகவே கூடாது என்கிறது" என்று அவனே தயங்குகிறான். முன்பணம் கட்டும் நாள் நெருங்குகிறது. யார் சொல்வதை நம்புவது? (பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்:

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மே சாட் வழியாகத் தரைமார்க்கமாகச் செல்லும் திட்டத்தை இப்போதே கைவிடுங்கள். மோல்மேனும் இந்தப் பயணத்தில் வேண்டாம். விமானத்தில் ரங்கூன் (இன்றைய யாங்கோன்) சென்று, நகரத்துக்குள்ளேயே மூன்று நான்கு நாட்கள் தங்கி, கோயிலைத் தரிசித்துவிட்டு விமானத்திலேயே திரும்புவது ஒன்றுதான் எண்ணிப் பார்க்கத் தக்கது. அதுவும் தைப்பூச நாளைத் தவிர்த்து, தம்பி உடன் வராமல், நான் பின்னால் சொல்லும் சில ஏற்பாடுகள் உறுதியான பிறகே.

உங்கள் முகவரும் தம்பியும் ஒருவரையொருவர் மறுப்பதுபோலத் தோன்றினாலும், இருவரும் பொய் சொல்லவில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறை 2018 முதல் எல்லா நாடுகளையும் நான்கு நிலைகளில் வகைப்படுத்தி வருகிறது. வழக்கமான கவனம் போதும் என்பது முதல் நிலை, பயணம் செய்யாதீர்கள் என்பது நான்காவது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து மியான்மர் அந்த நான்காம் நிலைக்குப் போனது. ஆஸ்திரேலியாவின் நான்கு படிகளிலும் அது கடைசிப் படியில்தான் இருக்கிறது. இந்திய வெளியுறவு அமைச்சகத்திடம் இப்படி எண்ணிட்ட அட்டவணை கிடையாது. நிலைமை மாறும்போது அமைச்சகமோ அந்நாட்டிலுள்ள நமது தூதரகமோ ஓர் அறிவிப்பு வெளியிடும். அடுத்த அறிவிப்பு வரும்வரை அதுவே நமக்குரிய வழிகாட்டுதல்.

மியான்மரைப் பொறுத்தவரை அப்படி இரண்டு அறிவிப்புகளை நீங்கள் படித்தாக வேண்டும். 2023 அக்டோபர் இறுதியில் வடக்கு ஷான் பகுதியில் ஆயுதக் குழுக்களின் கூட்டுத் தாக்குதல் தொடங்கிய சில வாரங்களில், நவம்பர் 21 அன்று வெளியான அறிவிப்பு, அவசியமோ அவசரமோ இல்லாத மியான்மர் பயணத்தை இந்தியர்கள் தவிர்க்க வேண்டும் என்றும், அங்கே இருப்பவர்கள் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குச் சாலை வழியே செல்வதைக் கூடியவரை தவிர்த்து ரங்கூன் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னது. 2024 பிப்ரவரி 6ஆம் தேதி அறிவிப்பு இதைவிடக் கடுமையானது. ராக்கைன் மாநிலத்துக்கு எவரும் போக வேண்டாம், அங்கிருப்பவர்கள் உடனே வெளியேறுங்கள் என்றது. பாதுகாப்பு மோசமாகி வருவதோடு, தொலைபேசித் தொடர்பு அறுந்துபோனதையும் அத்தியாவசியப் பொருள்களின் கடும் தட்டுப்பாட்டையும் காரணமாகக் காட்டியது.

தடை இல்லை என்று முகவர் சொல்வது சட்டப்படி சரி. ஏமனுக்குச் செல்ல 2017இல் நம் அரசு விதித்ததைப் போன்ற தடை மியான்மருக்கு விதிக்கப்படவில்லை. குடியேற்ற அதிகாரி உங்களைத் திருச்சியில் நிறுத்திவைக்கப் போவதில்லை. ஆனால், அவர் போட்டுக் கொடுத்திருக்கும் வழியோ கரேன் மாநிலத்தில் நுழைந்து, மோன் மாநிலத்தைக் கடந்து, பெகு வழியாக ரங்கூன் வரை முழுக்க முழுக்கச் சாலைப் பயணம். நம் அரசின் அறிவிப்பு எதைத் தவிர்க்கச் சொன்னதோ, அதையே எட்டு நாள் சுற்றுலாவாக விற்கிறார். தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இதை அறியாமை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அவசரநிலை 2025 ஜூலை 31 அன்று முடிவுக்கு வந்ததும் உண்மையே. ஆனால் அதே நேரத்தில், மோதல் நடக்கும் அறுபதுக்கும் மேற்பட்ட நகரியங்களில் (டவுன்ஷிப் எனும் நிர்வாகப் பகுதிகளில்) ராணுவ அரசு தனியாக அவசரநிலையையும் ராணுவச் சட்டத்தையும் அறிவித்தது. எந்தெந்த நகரியங்கள் அப்பட்டியலில் இருக்கின்றன, பின்னர் எவை சேர்க்கப்பட்டன, எவை நீக்கப்பட்டன என்பதை ஒப்பிட்டுப் பார்க்காமல் அவசரநிலை முடிந்துவிட்டது என்பது பாதிச் செய்திதான். விசாவைப் பற்றியும் இதே கதை. சுற்றுலா இ-விசா 28 நாள் தங்க அனுமதிக்கிறது. நீங்கள் போகும் சாலை பாதுகாப்பானது என்ற பொருள் அதற்கு இல்லை. எந்த விமான நிலையம் அல்லது எல்லைச் சாவடி வழியாக நுழையலாம் என்பதையும் அந்த விசாவிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயண எச்சரிக்கையை நாட்டின் பெயரோடு நிறுத்திவிடாமல், மாநிலம், நகரியம், சாலை என்று இறங்கிப் படிக்க வேண்டும். மோல்மேன் என்று தேடினால் எதுவும் கிடைக்காது. இன்றைய பெயரான மாவ்லமியாயின் என்றோ மோன் மாநிலம் என்றோ தேடுங்கள். பிரிட்டன் வெளியிடும் அறிவிப்பு இதற்கு மிகவும் உதவும். எல்லாப் பயணத்தையும் தவிர்க்க வேண்டிய பகுதிகளையும், மிக அவசியமானதைத் தவிர மற்றதைத் தவிர்க்க வேண்டிய பகுதிகளையும் வரைபடத்தில் தனித்தனி வண்ணத்தில் காட்டிவிடுவார்கள். நீங்கள் பிரிட்டிஷ் குடிமக்கள் அல்லவே என்று ஒதுக்க வேண்டாம். வெடிகுண்டு கடவுச்சீட்டைப் பார்த்து வெடிப்பதில்லை.

மியாவடியிலிருந்து மோல்மேன் வரையான சாலை தூரத்தில் குறைவு. இருநூறு கிலோமீட்டர்கூட இராது. வரைபடத்தைப் பார்ப்பவருக்கு, அரை நாளில் போய்விடலாமே என்று ஆசை வரும். ஆனால் அந்த ஆசிய நெடுஞ்சாலையைத்தான் ராணுவமும் கரேன் படைகளும் ஆண்டுக்கணக்காகப் பிடித்தும் விட்டும் வருகின்றன. 2024 ஏப்ரலில் மியாவடி நகரமே சில நாட்கள் ராணுவத்தின் கையை விட்டுப் போயிருந்தது. உலகிலேயே கண்ணிவெடிகளாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் 2023இல் மிக அதிகமானோர் கொல்லப்பட்டதும் காயமடைந்ததும் மியான்மரில்தான். பதிவானவர்கள் மட்டும் 1,003 பேர். சாலை அடைபட்டு வண்டியை ஓரப் பாதையில் திருப்பும் ஓட்டுநருக்கு, அந்த ஓரத்தில் என்ன புதைந்திருக்கிறது என்று தெரியாது.

மியாவடிக்கு வேறொரு கெட்ட பெயரும் உண்டு. தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துவரப்பட்ட இளைஞர்களை எல்லை கடத்திக் கொண்டுபோய், இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வேலை வாங்கும் இடம் அது. இதைப் பற்றி 2022 முதலே நம் அரசு எச்சரித்து வருகிறது; 2025 மார்ச்சில் 549 இந்தியர்களை மே சாட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் திருப்பி அழைத்து வந்தார்கள். உங்களைப் போன்ற குடும்பத்தை அந்தக் கூட்டம் குறிவைக்காது என்றாலும், அந்த எல்லையில் இந்தியக் கடவுச்சீட்டோடு நிற்பவர்களை இரு நாட்டுக் காவலர்களும் இன்று சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். காரைக்குடி பர்மா காலனியில் யாராவது மணிப்பூர் மோரே வழியாகப் போகலாம் என்று சொன்னால், அதையும் கேட்க வேண்டாம். மோரேயில் தமிழர்கள் இருப்பதும் அங்கே நம் கோயில் இருப்பதும் உண்மைதான். எல்லைக்கு அப்பால் இருக்கும் சகாயிங் பகுதி இந்தப் போரின் மிகக் கொடிய களங்களில் ஒன்று.

தங்கும் இடத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிதான் இருந்தது. எனக்கு அதுதான் அதிகக் கவலை தந்தது. அமெரிக்காவின் எச்சரிக்கை ஆயுத மோதலை மட்டும் சொல்லி நிற்கவில்லை. நியாயமற்ற கைதையும், உள்ளூர்ச் சட்டங்கள் அதிகாரிகளின் விருப்பம்போல் பயன்படுத்தப்படுவதையும் காரணங்களாகச் சொல்கிறது. இதை நம்மவர்கள் பெரும்பாலும் அரசியல் என்று தள்ளிவிடுகிறார்கள். மியான்மரில் முன்பு பிரிட்டனின் தூதராக இருந்த விக்கி போமன் 2022 செப்டம்பரில் ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பதிவு செய்த முகவரியில் இல்லாமல் வேறு முகவரியில் வசித்ததை அறிவிக்கவில்லை என்பதே அவர்மீது சொல்லப்பட்ட குற்றம். நவம்பரில் பொதுமன்னிப்பில் விடுதலையானார். அவருக்கு இருந்த மொழியறிவும் தொடர்புகளும் நமக்கு இல்லை. வீட்டில் இரவு தங்கும் விருந்தினரைப் பற்றி வட்டார நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி அங்கே இருக்கிறது. இரவில் வந்து சோதிப்பதும் நடக்கிறது. நீங்கள் தங்கினால் உங்களைவிட அந்தத் தமிழ்க் குடும்பத்துக்குத்தான் ஆபத்து. வெளிநாட்டவரைத் தங்கவைக்க உரிமம் பெற்ற ஹோட்டலிலேயே அறை எடுங்கள். கோயில் விடுதிக்கு அந்த உரிமம் இருக்கிறதா என்று கோயில் நிர்வாகத்திடமே கேளுங்கள். "எல்லாரும் தங்குகிறார்கள்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

இனி தம்பி. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை அவரிடம் இருக்கலாம், ஆனால் அது குடியுரிமை ஆகாது. ரங்கூனில் அவர் தடுத்து வைக்கப்பட்டால் அவருக்காகப் பேச வேண்டியது அமெரிக்கத் தூதரகம். நமது தூதரகம் மனிதாபிமானத்தோடு விசாரிக்கலாமே தவிர, குடிமகனுக்குச் செய்வதுபோல் உரிமையோடு தலையிட முடியாது. ராணுவ அரசுக்கு எதிராகப் பொருளாதாரத் தடைகள் விதித்திருக்கும் நாட்டின் குடிமகனை அந்நாட்டு அதிகாரிகள் பார்க்கும் விதமும், தூதரக உறவை விடாமல் வைத்திருக்கும் அண்டை நாட்டின் குடிமகனைப் பார்க்கும் விதமும் ஒன்றாக இராது. எனவே அப்பச்சிக்கும் உங்களுக்கும் ஓரளவு துணிந்து பார்க்கக்கூடியதாக இருக்கும் பயணம், அவருக்கு அப்படி இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ள, நல்ல உடல்நலமுள்ள ஓர் ஆண்பிள்ளையை வேறு உறவிலிருந்து துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீடு பற்றி முகவர் ஒரு வார்த்தையும் சொல்லாததைக் கவனித்தேன். பயண எச்சரிக்கை உண்மையில் கடிப்பது இங்கேதான். வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டுப் பாலிசிகளில் போர், உள்நாட்டுப் போர், கலகம் ஆகியவற்றால் ஏற்படும் இழப்புகள் வழக்கமாக விலக்கப்பட்டிருக்கும். அரசு தவிர்க்கச் சொன்ன இடத்துக்குப் போனால் பொறுப்பில்லை என்ற விதியும் பல பாலிசிகளில் இருக்கிறது. அந்த விதி இருந்தால், போருக்குத் தொடர்பே இல்லாத மாரடைப்புக்கான செலவையும் நிறுவனம் மறுக்க இடம் உண்டு. ஏற்கனவே இருக்கும் நோய் என்று ஸ்டென்டைக் காட்டி மறுக்கலாம். 79 வயது என்பதால் தொகை குறையலாம், அல்லது 80 வயது நிறைந்தால் வேறு திட்டத்துக்கு மாறச் சொல்லலாம். ஆகவே பிரீமியம் கட்டுவதற்கு முன்பு காப்பீட்டு நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி, மியான்மரின் ரங்கூன் நகரம் இந்தப் பாலிசியில் அடங்குமா, 2023 நவம்பர் அறிவிப்பு அதைப் பாதிக்குமா, இதய நோயின் அவசரச் சிகிச்சைக்கும் பாங்காக்குக்கு மருத்துவ விமானத்தில் கொண்டுசெல்லவும் எவ்வளவு தருவார்கள் என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் "கவர் ஆகும் சார்" என்று சொல்பவரின் பேச்சு இழப்பீடு கோரும் நாளில் எங்கும் பதிவாகியிருக்காது. தெளிவான பதில் வராவிட்டால் பயணம் வேண்டாம். ரங்கூனில் நல்ல தனியார் மருத்துவமனைகள் உண்டு என்றாலும், இதயத்தில் பெரிய சிக்கல் என்றால் பாங்காக்தான். அந்த விமானத்தின் கட்டணத்தைக் கைப்பணத்தில் கட்டக்கூடிய குடும்பங்கள் இந்த வட்டாரத்திலும் மிகச் சிலவே.

"ஏதாவது ஆனால் அரசாங்கம் கப்பல் அனுப்பும்" என்று நம் ஊரில் அடிக்கடி கேட்கிறேன். அனுப்பியிருக்கிறது, உண்மை. 2015இல் ஏமனிலிருந்து 4,600க்கும் மேற்பட்ட இந்தியர்களை மீட்டார்கள். 2023இல் சூடானிலிருந்து மீட்டார்கள். ஆனால் சூடானில் கப்பல் நின்றது போர்ட் சூடானில். கார்ட்டூமில் சிக்கியவர்கள் சண்டைக்கு நடுவே எண்ணூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தைப் பேருந்தில் கடந்துதான் அங்கே வர வேண்டியிருந்தது. மீட்பு என்பது துறைமுகத்திலோ விமான நிலையத்திலோதான் தொடங்குகிறது. அதுவரை வந்து சேருவது அவரவர் பாடு. 1942 மார்ச் 8இல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போகும் முன்பு கப்பலில் இடம் கிடைத்தவர்களும், இடம் கிடைக்காமல் எல்லை ஊரான தமு வழியாக இம்பாலுக்குக் காட்டில் நடந்தவர்களும் நம் வளவுகளில் வாழ்ந்தவர்கள்தாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரங்கூன் போகலாமா என்று யோசிக்கவாவது செய்து, மோல்மேனை ஒரேயடியாக மறுப்பதற்கு இதுதான் முதன்மையான காரணம்.

தைப்பூசம் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் வரும். பிப்ரவரி 1 ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த நாள். ஆண்டுதோறும் அந்நாளை ஒட்டி எதிர்ப்பும் கெடுபிடியும் கூடும், கடைகளை மூடி மௌனப் போராட்டம் நடத்துவதும் உண்டு. கூட்டம் கூடும் இடங்களைத் தவிர்க்கச் சொல்லும் எல்லா எச்சரிக்கைகளும் அப்போது இரட்டிப்பாகப் பொருந்தும். வேறொரு மாதத்தில் ஒரு கார்த்திகை நட்சத்திரத்திலோ சஷ்டியிலோ போனாலும் முருகன் அங்கேயேதான் இருப்பார்.

தைப்பூசத்துக்குப் பினாங்கு இருக்கிறதே, வெள்ளி ரதம் பார்த்து வரலாமே என்று சிலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் அதைச் சொல்லப் போவதில்லை. அப்பச்சி கேட்பது தைப்பூசத்தை மட்டும் அல்ல. இந்தப் பயணம் அவசியமானதா இல்லையா என்பதை அரசின் அறிவிப்பு தீர்மானிக்காது. குடும்பம்தான் தீர்மானிக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஸ்டென்ட் வைத்த 79 வயதுக்காரரை இந்த ஆண்டு அழைத்துப்போகாமல் இருப்பதன் பக்கமே சாய்வேன். அப்படியும் போவதென்று நீங்கள் முடிவு செய்தால், இதய மருத்துவர் எழுத்தில் சம்மதம் தரட்டும். திரும்பும் விமானச் சீட்டைத் தேதி மாற்றக்கூடிய வகையில் எடுங்கள். ரங்கூனில் இறங்குவதற்கு முன்பே நமது தூதரகத்தில் மூவரின் பெயரையும் ஹோட்டல் முகவரியோடு பதிவு செய்யுங்கள். நம் வங்கி அட்டைகளை அங்கே நம்ப முடியாது; மடிப்பும் கறையும் இல்லாத புதிய அமெரிக்க டாலர் தாள்களாகக் கொண்டு செல்லுங்கள். மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். மின்வெட்டு நீளும் நகரம் அது, ஆகையால் ஜெனரேட்டரும் லிப்டும் தடையில்லாமல் ஓடும் ஹோட்டல்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேஸ்புக் 2021 முதல் அங்கே முடக்கப்பட்டிருக்கிறது. அதைத் திறக்கும் வி.பி.என். செயலிகளைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியில் நிற்பது வம்பு, புறப்படும் முன்பே நீக்கிவிடுங்கள். அந்நாட்டு அரசியல் பற்றிய பதிவு, படம், வாட்ஸ்அப் பகிர்வு எதுவும் கைப்பேசியில் இருக்க வேண்டாம். சிப்பாய், சாவடி, பாலம் எதையும் படம் பிடிக்கவும் வேண்டாம். இருட்டுவதற்கு முன்பு அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

புறப்படும் வாரத்தில் அறிவிப்புகளை மறுபடியும் படியுங்கள். புதிய இந்திய அறிவிப்பு வந்தாலோ, ரங்கூனுக்கான விமானங்கள் இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து ரத்தானாலோ, ஏதாவது ஒரு நாடு தன் தூதரக ஊழியர்களின் குடும்பத்தினரை வெளியேறச் சொன்னாலோ, மேற்கொண்டு யோசிக்காமல் ரத்து செய்யுங்கள். மூன்றாவது அடையாளத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு நாடு தன் சொந்த ஆட்களை நகர்த்துவது வாய்ச்சொல் அல்ல.

முன்பணத்தை இப்போது கட்ட வேண்டாம். ரங்கூன் மட்டும் என்று மாற்றிய திட்டத்தை முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். அரசின் எச்சரிக்கை கடுமையானாலோ காப்பீடு மறுக்கப்பட்டாலோ எவ்வளவு தொகையை எத்தனை நாளில் திருப்பித் தருவார் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். அதை எழுதித் தர அவர் மறுத்தால் வேறு முகவரைப் பாருங்கள்.